தொட்டியின் முன்பலகையைக் கழற்றிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தையும் அதனுடன் இருந்த படங்களையும் நேற்றிரவு நிதானமாகப் பார்த்தேன். 1970ஆம் ஆண்டின் செவ்ரோலே எல் காமினோ, எஸ்.எஸ். 454 (அதாவது 454 கன அங்குல எஞ்சின் பொருத்திய ‘சூப்பர் ஸ்போர்ட்’ என்ற வேக வடிவம்), முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, சிவப்பு வண்ணத்தின் மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள். எஞ்சினின் குரோமியம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. வேறு சிலரும் இதே வண்டியைப் பற்றி என்னிடம் கேட்டிருப்பதால், உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முன்பாதி கார், பின்பாதி சுமைத்தொட்டி என்ற இந்த வகை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போகவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஆஸ்திரேலிய விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுத, லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதை வரைந்து, 1934இல் ஜீலாங் ஆலையிலிருந்து அது வெளிவந்தது. அமெரிக்காவில் ஃபோர்டின் ராஞ்செரோ 1957இலும், அதற்குப் போட்டியாக எல் காமினோ 1959இலும் வந்தன. எல் காமினோ இரண்டே ஆண்டுகளில் நின்றுபோய், 1964இல் செவ்ரோலேயின் ஷெவெல் காரின் அடித்தளத்தில் மீண்டும் வந்து 1987வரை ஓடியது.

இத்தனை ஆண்டுகளில் எல்லாரும் 1970ஐத் தேடுவதற்குக் காரணம் உண்டு. நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே போட்டுக்கொண்டிருந்த தடை அந்த ஆண்டில்தான் நீங்கியது. 454 கன அங்குல எஞ்சின், அதாவது 7.4 லிட்டர், எல்.எஸ்.5 என்ற வடிவில் 360 குதிரைத்திறனுடனும், எல்.எஸ்.6 என்ற வடிவில் 450 குதிரைத்திறனுடனும் கிடைத்தது. (அதே ஆண்டு 396 என்ற சின்னத்தோடு விற்ற எஞ்சினின் உண்மையான அளவு 402. சின்னத்தை நம்பாதே என்பதற்கு ஆலையே முன்னுதாரணம்.) 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், 1972இல் திறனை அளக்கும் முறையும் மாறியதால் அதே 454இன் கணக்கு 270க்கு இறங்கியது.

எல்லாரும் தேடுவதால் 454இன் விலை ஏறியதும் சாதாரண எல் காமினோக்களெல்லாம் எஸ்.எஸ். ஆகத் தொடங்கின. சின்னங்களும் பானட்டும் கடையிலேயே கிடைக்கின்றன. 1968இல் எஸ்.எஸ். வண்டிகளின் சேசிஸ் எண் 13880 என்று தனியாகத் தொடங்கியது. 1970இல் அப்படி இல்லை. 136800 என்று தொடங்கும் எண் அது வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் பொருத்திய ‘எல் காமினோ கஸ்டம்’ வகை என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே தாளைக் கேள். ஆலையில் வண்டியுடன் வந்த பில்டு ஷீட், அதாவது அதில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல், சில வண்டிகளில் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ கசங்கிய நிலையில் இன்னும் கிடைக்கிறது. அது இல்லையென்றால், வாரண்டிப் புத்தகத்தோடு வந்த சிறு உலோகத் தகடாவது இருக்க வேண்டும். பிறகு எஞ்சினின் முன்புறம், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு பரப்பில் டார்ச் அடித்துப் பார். அங்கே பொறித்திருக்கும் எஞ்சின் எண்ணின் எழுத்துகளுக்கு அடியில் ஆலையில் கடைந்தபோது விழுந்த இழை போன்ற கோடுகள் தெரிய வேண்டும். அந்தப் பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், யாரோ தேய்த்துவிட்டு எண்ணைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். பின் டிஃபரன்ஷியலின் மூடியில் 12 போல்ட்டுகள் இருக்கின்றனவா என்றும் எண்ணிக்கொள். இருப்பதால் மட்டும் எஸ்.எஸ். ஆகிவிடாது, 10 இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இனி துரு. சுமைத்தொட்டியின் தரையில், கேபினை ஒட்டி, போல்ட் போட்ட பலகை ஒன்று இருக்கும். ஸ்டேஷன் வேகனில் பின்சீட்டுக்காரர்கள் கால் வைக்கும் பள்ளம் அதன் கீழே அப்படியே இருக்கிறது. பின்கண்ணாடி ஓரத்தில் கசியும் நீரும் தொட்டியில் விழும் மழையும் கடைசியில் அங்கேதான் போய்த் தேங்கும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு 1972ஆம் ஆண்டு வண்டியை இந்தப் பலகையைத் திறக்காமலே வாங்கினேன். விற்றவர், பெயர் வேண்டாம், போல்ட்டுகள் இறுகிவிட்டன என்றார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உளி வைத்துத் திறந்தபோது உள்ளே ஈரமான இலைச்சருகும், அதற்குக் கீழே என் கார் நிறுத்தத்தின் சிமெண்டுத் தரையும் தெரிந்தன. பின்சக்கரத்துக்குப் பின்னால் கால் அங்குலத் தடிமனில் பட்டி போட்டிருந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், தாள் இல்லாத வண்டிக்கு 454இன் விலையைக் கொடுக்காதே. வண்டியின் உடல் தகடு துருப்பிடிக்காமல் நன்றாக இருந்தால் அதைச் சாதாரண எல் காமினோ என்று பேசி, அந்த விலைக்கு வாங்கி, தொட்டியில் எருமூட்டைகளை ஏற்று. கீறல் விழுமே என்று தொட்டியில் ஒரு பையைக்கூட வைக்காதவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

சனிக்கிழமை போகும்போது பட்டி போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் துணியில் சுற்றிய காந்தமும், பலகையைக் கழற்ற ஸ்பானர் செட்டும் எடுத்துக்கொள். போன உடனே பானட்டில் கைவைத்துப் பார். சூடாக இருந்தால், காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி மறுநாள் போ. அந்தப் பலகை கழன்று வந்த பிறகு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அண்ணன்