ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தை விட்டு உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களுக்குச் செல்லும் விஞ்ஞானிகளை ‘அறிவு இழப்பு’ எனத் தங்கள் தலையங்கம் குறிப்பிட்டிருந்தது. ஏற்க இயலவில்லை. உயிர்வேதியியலாளர் கேத்தலின் கரிக்கோ 2013இல் பயோஎன்டெக் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். 2023இல் நோபல் பரிசு பெற்றார். பரிசுக்குரிய எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் குறிப்பை உயிரணுவுக்குத் தரும் மூலக்கூறு) ஆய்வு பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான். ஆனால் அது கோவிட் தடுப்பூசியாக மக்களை அடைந்தது நிறுவனங்களின் வழியே.

குறை வேறிடத்தில் உள்ளது. மருந்து நிறுவனமொன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். புதிதாகச் சேரும் முனைவர்கள் அறிவியலில் தடுமாறுவதில்லை, பதிவேட்டில்தான் தடுமாறுகிறார்கள். தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, காரணம் எழுதி, தேதியுடன் கையொப்பமிட வேண்டும் என்பதே பலருக்குப் புதிது. முனைவர் பட்டக் காலத்திலேயே சில மாத நிறுவனப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கலாம். அதை நெறியாளரின் விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே வகுப்பது நல்லது.