மோஹர் பயணத்தை ஜூனுக்குத் தள்ளாதீர்கள்

அயர்லாந்தின் கால்வேயில் படிக்கும் நம் தமிழ் மாணவர் குழுவின் புதிய கமிட்டிக்கு,

வணக்கம். வருடா வருடம் மோஹர் பாறைகளைப் பார்க்கப் போகும் கடற்கரைப் பயணத்தை இனி நவம்பரில் வைப்பதில்லை, ஜூனுக்கு மாற்றிவிடலாம் என்று நீங்கள் பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். காரணமும் காதுக்கு வந்தது: "போன தடவை போய் ஒன்றையும் பார்க்கவில்லை, வெறும் மூட்டம்தான்." சொன்னவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த மூன்று பேரில் நானும் ஒருவன். வசூல் கணக்கு எழுதிய நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

அன்றைக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டுப் பேர், ஒரு வாடகை கோச், ஒரே நாள். கின்வாராவில் டன்குவயர் கோட்டை, பர்ரனில் போல்னப்ரோன் கல்திட்டை, அப்புறம் கடலோரச் செங்குத்துப் பாறைகளான கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர், லஹின்ச் கடற்கரை, கடைசியாக டூலின். ஐந்து நிறுத்தங்கள். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய கோச் ஒன்பதே காலுக்குக் கிளம்பியது. (யாரால் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் இப்போது டப்ளினில் நல்ல வேலையில் இருக்கிறான், விட்டுவிடுவோம்.) மோஹர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. எதிரே வெள்ளைத் திரை. 1835-இல் கட்டிய ஓ'பிரையன் கோபுரமே முட்டுகிற தூரத்துக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் பாறை 214 மீட்டர் உயரம். கீழே கடல் இருக்கிறது என்பதற்குச் சத்தம் மட்டுமே சாட்சி. அரை மணி நேரத்தில் ஒன்பது குடைகள் முறிந்தன. லஹின்ச்சில் சாப்பிடலாம் என்று நினைத்திருந்த கடையின் கதவில் 'மார்ச் 17-க்குப் பிறகு சந்திப்போம்' என்று ஓர் அட்டை தொங்கியது. புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பிழைத்தார்கள், மற்றவர்களுக்குச் சிப்ஸ். நாலரைக்கெல்லாம் இருட்டு. டூலினில் நிறுத்தவே இல்லை. திரும்பும்போது வளைவும் நெளிவுமான சாலையில் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் பை கேட்டார்கள்.

சரி, இதில் நவம்பரின் குற்றம் எவ்வளவு? நவம்பர் நடுவில், மோஹர் இருக்கும் கிளேர் மாவட்டக் கடற்கரையில் எட்டு மணி வாக்கில் விடிகிறது, நாலே முக்காலுக்குள் சூரியன் விழுந்துவிடுகிறது. கையில் இருப்பது எட்டரை மணி நேர வெளிச்சம். அதில் நாலு மணி நேரத்துக்கு மேல் கோச்சிலேயே போனது. ஜூனிலோ இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஐந்து இடமும் தாங்கும். ஜூனுக்கான திட்டத்தைக் கொண்டுபோய் நவம்பரில் போட்டுவிட்டு மாதத்தைக் குறை சொல்கிறோம்.

இதை நான் அப்போதே புரிந்துகொண்டதாகச் சொன்னால் பொய். பிப்ரவரியில், புனித பிரிஜிட் விடுமுறை வருகிற வார இறுதியில், ஐந்து பேர் மறுபடி போனோம். 2023-இல் இருந்து அந்தத் திங்கள் அரசு விடுமுறை, அதனால் மூன்று நாள் கிடைத்தது. கோச் இல்லை. கால்வே பேருந்து நிலையத்தில் 350-ஆம் எண் பேருந்தில் ஏறினால் கின்வாரா, பாலிவான் வழியாக டூலின் போகலாம். அதே பேருந்து அப்படியே மோஹர் வாசலுக்கும் போகிறது. பேருந்துக்கான லீப் கார்டு இருந்தால் கட்டணம் குறைவு. டூலினில் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கினோம்.

முதல் நாள் அதே மூட்டம், அதே மழை. நவம்பரில் அழுகை வந்தது, இந்த முறை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. விடுதிச் சமையலறையில் ரசம் வைத்தோம், தூங்கினோம். மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் காற்று திசை மாறி மூட்டம் கலைந்தது. முதலில் தெரிந்தது கடலுக்குள் தனியாக நிற்கும் பிரானன்மோர் தூண், 67 மீட்டர். அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாகத் தெற்கே ஹாக்ஸ் ஹெட் வரைக்கும் பாறை முகங்கள். அவை மேற்குப் பார்த்தவை, காலையில் போனால் நிழலில்தான் கிடக்கும். மாலைச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கிறது. கோடையில் அந்த மாலை வெளிச்சத்துக்குப் பத்து மணி வரை காத்துக் கிடக்க வேண்டும், பிப்ரவரியில் ஐந்து மணிக்கே கிடைக்கிறது. ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் பேர் வரை வந்து போகும் இடத்தில் அன்றைக்கு எங்களோடு இருபது பேர்கூட இல்லை.

எங்களில் ஒருவன் தூத்துக்குடிப் பக்கம், மீன்பிடிக்கும் வீடு. ரொம்ப நேரம் பேசாமல் நின்றவன், "இது கச்சான்டா" என்றான், மேற்கே இருந்து முகத்தில் அறைந்த காற்றைப் பார்த்து. அங்கே அவன் அப்பா கச்சான் வீசும் நாளில் எப்படி வலை போடுவார் என்று ஆரம்பித்து, பேருந்து வரும்வரை நிறுத்தவில்லை. இரண்டு வருடப் பழக்கத்தில் அவன் வீட்டைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

இப்போது உங்கள் ஜூனுக்கு வருவோம். ஜூனில் நம்மில் யார் சும்மா இருக்கிறோம்? ஸ்டாம்ப் 2 என்ற மாணவர் அனுமதியில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் 40 மணி நேரம். அடுத்த ஆண்டு வாடகையை ஈட்டுகிற மாதங்கள் அவை. ஹோட்டல் சமையலறையில் சனி ஞாயிறு ஷிஃப்டை விட்டுவிட்டு வா என்று ஒருவனை எப்படிக் கூப்பிடுவீர்கள்? ஓராண்டு முதுகலைக்காரர்களுக்கு ஜூனில் தீசிஸ் வேறு கழுத்தில் தொங்கும். இதையெல்லாம் தாண்டி வந்தாலும் விடுதிப் படுக்கை விலை உங்களை வரவேற்கும். நாங்கள் பிப்ரவரியில் கொடுத்ததை ஜூன் விலையோடு வைத்துப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. ஜூன் பயணம் என்றால் வேலைக்குப் போக அவசியம் இல்லாத பத்துப் பேரின் பயணமாக முடியும். சீசன் இல்லாத காலம்தான் நமக்குச் சீசன்.

ஜூனில் மட்டும் கிடைப்பவையும் உண்டு, மறுக்கவில்லை. பஃபின் பறவைகள் வசந்தத்தில் வந்து ஜூலையோடு கடலுக்குத் திரும்பிவிடும், குளிர்காலத்தில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. டூலினில் இருந்து அரான் தீவுகளுக்குப் போகும் படகும் குளிர்காலத்தில் நின்றுவிடும். தீவு பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் கால்வேக்கு மேற்கே ரொசவீல் துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து அரான் தீவுகளில் ஒன்றான இனிஸ் மோருக்கு ஆண்டு முழுக்கப் படகு ஓடுகிறது, கடல் அனுமதித்தால்.

ஆனால் குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பவற்றை யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பர்ரனையே எடுத்துக்கொள்ளுங்கள். கோச் ஜன்னல் வழியாக நாம் பார்த்து "என்னடா வெறும் கல்லாக இருக்கிறது" என்ற அதே சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் மேடு. உலகத்தில் பெரும்பாலான மலைநாடுகளில் கோடையில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவார்கள், குளிரில் கீழே இறக்குவார்கள். பர்ரனில் தலைகீழ். குளிர்காலம் தொடங்கும்போதுதான் மாடுகள் மேலே ஏறுகின்றன. கோடை வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட கல், குளிரில் மெல்ல விடுகிறது. தண்ணீர் தேங்காமல் பிளவுகளில் இறங்கிவிடுவதால் தரையும் உலர்ந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க மாடுகள் பழைய புல்லை மேய்ந்துவிடுவதால்தான் மே மாதத்தில் அந்தக் கல்லிடுக்குகளில் நீல ஜென்ஷியன் பூக்க இடம் கிடைக்கிறது. கோடையில் வந்து பூவைப் படம் எடுக்கிறவர்கள் மாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசித் திங்கள் விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போவதை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள், ஊரோடு சேர்ந்து யாரும் பின்னால் நடக்கலாம். மாட்டுப் பொங்கல் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இது பிடிக்காமல் போகுமா?

அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கும் பெரிய அலைக்கு இதுதான் காலம். மோஹர் பாறைக்கு நேர் கீழே ஐலீன்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் பேரலை எழுவது பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். கால்வே விரிகுடாவில் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இருந்து பறந்து வந்த பிரென்ட் வாத்துகள் குளிர்காலம் முழுக்கத் தங்குகின்றன. டூலின் பப்பில் சனிக்கிழமை இரவு வாசித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தங்களுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள், கேட்கிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை. டின் விசில் வாசித்த மிக்கோ ரஸலின் ஊர் அது, 1994-இல் காலமானவர். நமக்குக் குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் பரவாயில்லை, ஒரு டீ சொல்லிவிட்டு உட்காரலாம். வாசிக்கும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டாமல் இருந்தால் போதும். நம்மில் ஒருவன் நீட்டினான். ஃபிடில்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இனி சொல்வதில் விளையாட்டு இல்லை. மோஹர் பாறை கெட்டியான ஒரே கல் அல்ல. மணற்கல் அடுக்குகளுக்கு இடையே உதிரும் களிப்பாறை. அது கரையும்போது மேலே இருக்கும் அடுக்கு அந்தரத்தில் நிற்கும். நீங்கள் கால் வைக்கும் புல்லுக்கு அடியில் பாறை இருக்கிறது என்று நம்ப முடியாது. ஓரப் பாதையில் விழுந்து உயிர் போயிருக்கிறது. 2024-இல் டூலினில் இருந்து லிஸ்கேனர் வரையான நடைபாதையில் பெரும்பகுதியை மூடினார்கள். போகிற வாரத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள், மூடிய வேலியை யாராவது தாண்டினால் அவனை அடுத்த பேருந்தில் திருப்பி அனுப்புங்கள். போன தடவை நம் ஆட்கள் இரண்டு பேர் செல்ஃபிக்காகத் தாண்டினார்கள். ஏற்பாட்டாளர்களான நாங்கள் பார்த்தும் சத்தம் போடவில்லை. மூட்டத்தில் அவர்கள் உருவம் மறைந்து, மறுபடி தெரியும்வரை ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வானிலைக்கு, இந்நாட்டு வானிலை மையமான மெட் ஏரனின் எச்சரிக்கை பாருங்கள். மஞ்சள் என்றால் பாறைப் பக்கம் போக வேண்டாம், ஊருக்குள் இருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் கால்வேயை விட்டே கிளம்ப வேண்டாம், பணம் போனால் போகட்டும். 2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயலில் கால்வே மாவட்டத்து மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி, நாட்டின் பழைய சாதனையை முறியடித்தது. 2014 ஜனவரியில் லஹின்ச் கடலோர நடைமேடையையே அலை பெயர்த்துப் போட்டது. சாதாரண நாளிலும் லஹின்ச்சில் அலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. யாராவது தண்ணீரில் விழுந்தால் பின்னால் குதிக்காமல் 112 அழுத்திக் கடலோரக் காவல் படையை (கோஸ்ட் கார்ட்) கேளுங்கள். இந்த எண்ணை எல்லோருடைய போனிலும் கிளம்பும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

குளிரைப் பற்றி வீட்டில் அம்மாக்கள் பயப்படுவார்கள். கனடாவில் இதே அட்சரேகையில் கடலே உறைந்து கிடக்கும். இங்கே தெற்கில் இருந்து வரும் கடல் நீரோட்டத்தால் குளிர்கால வெப்பநிலை பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு டிகிரியிலேயே நிற்கிறது. ஆளை அடிப்பது குளிர் அல்ல, நனைந்த ஜீன்ஸில் காற்று. ஜீன்ஸ் வேண்டாம். குடையும் வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அக்டோபர் விடுமுறை வார இறுதியோ பிப்ரவரி விடுமுறையோ, ஒன்றைப் பிடியுங்கள். நவம்பர்தான் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. முப்பத்தெட்டுப் பேரை ஒரே கோச்சில் அடைக்காமல், பன்னிரண்டு பதின்மூன்று பேராக மூன்று முறை போங்கள். இரண்டு இரவு ஒரே ஊரில் தங்குங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம், இன்னொரு நாள் சும்மா. மூட்டம் கலைய நேரம் கொடுக்க வேண்டும். பேருந்து நேரத்தை முந்தின நாள் மறுபடி சரிபாருங்கள், ஒன்றை விட்டால் அடுத்தது மணிக்கணக்கில் வராது. எந்தக் கடை திறந்திருக்கும் என்று போனில் கேளுங்கள், கேட்ட பிறகும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொள்ளுங்கள். காசு கட்ட முடியாதவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாமல் கமிட்டியில் ஒருவர் தனியாகக் கேட்டு முடியுங்கள். போன தடவை நாம் அதைச் செய்யவில்லை. ஒரு பெண் 'வேலை இருக்கிறது' என்று நின்றுவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஷிஃப்டே இல்லை என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

வசூல் நோட்டை இந்த வாரமே கொண்டுவந்து தருகிறேன். அதில் மீதி 41 யூரோ 60 சென்ட் இருக்கிறது, முறிந்த குடைகளுக்கு யாரும் நஷ்ட ஈடு கேட்கவில்லை. கூடவே நாலு மழைக்கோட்டும் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கும் தருகிறேன். ஃபிளாஸ்க்கின் மூடி டூலின் விடுதியில் தங்கிவிட்டது. போகிறவர்கள் யாராவது விசாரித்து எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
போன ஆண்டு உங்களை மூட்டத்தில் நிறுத்தியவன்