எந்தச் சதுர அடி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைப் புறநகர் அடுக்குமாடி விளம்பரங்களில் சதுர அடி விலை கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்தச் சதுர அடி என்பதுதான் இருப்பதில்லை. 'சூப்பர் பில்ட்-அப்' (பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு) 1,200 சதுர அடி, சதுர அடிக்கு விலை 6,000 ரூபாய் என்பார்கள். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பு, 840 என்றால் உண்மை விலை சுமார் 8,570. மீதி 360-இல் படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர், பால்கனி எல்லாம் அடக்கம். மாதிரி வீட்டுக் கட்டிலையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். அறை பெரிதாகத் தெரியச் சிறிதாகச் செய்து போட்டிருப்பார்கள்.

இதைவிட மோசம் 'ப்ரீ-லாஞ்ச்' வசூல், அதாவது திட்டத்தை முறைப்படி அறிவிக்கும் முன்பே பணம் வாங்குவது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) பதிவு தேவைப்படும் திட்டத்துக்கு, பதிவெண் வருமுன் விளம்பரமோ முன்பதிவோ கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. அதனால் 'விருப்பத் தொகை' என்று பெயர் மாற்றி செக் வாங்குகிறார்கள். "இந்த ரேட் ஞாயிறு வரைக்கும்தான் சார்" என்ற நெருக்கடி வேறு. பதிவெண் வந்த பிறகும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க 13-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

பார்க்கிங், கிளப், மின் இணைப்பு, பராமரிப்பு முன்பணம் எல்லாம் கடைசியில்தான் தலைகாட்டும். யூடிஎஸ் (நிலத்தில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) அளவோடு, எல்லாக் கட்டணங்களும் அடங்கிய முழு காஸ்ட் ஷீட்டை முதலிலேயே கையெழுத்துடன் கேட்டு வாங்க வேண்டும்.

கார்பெட் ஏரியா விலையையும் அதே கொட்டை எழுத்தில் அச்சிட தமிழ்நாடு ரெரா ஆணையம் உத்தரவிடலாமே?

- ஒரு வாசகர், சென்னை