அக்காவுக்கு ஒரே ஒரு வரியா?

மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும், எழுதத் தொடங்கியிருக்கும் தன்வரலாற்றின் முதல் இயல்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்துவிட்டதால், புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மறுபடியும் போய்வருகிறேன். உங்கள் எழுத்தைப் படித்த கையோடு, இளமை வறுமையைப் பேசும் மூன்று நூல்களை அங்கே உட்கார்ந்து மீண்டும் படித்தேன்.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' நூலை வறுமையை வென்ற கதையென்று மேடைதோறும் சொல்கிறார்கள். அவரோ தம் இளமைப் பருவம் பொருளாலும் மனத்தாலும் பாதுகாப்பாக இருந்ததென்றே எழுதுகிறார். போர்க்காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்ததும், புளியங்கொட்டை சேர்த்து விற்றதும் அவருக்குத் துயரமாகவே தோன்றவில்லை. சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்தார். தம் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவதாகக் கலாம் மனத்துக்குள் உறுதிகொள்கிறார். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, விமானங்களும் ஏவுகணைகளும் வந்துவிடுகின்றன.

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் வளர்ந்த ஃபிராங்க் மெக்கோர்ட், அறுபது வயதைக் கடந்த பிறகு, 1996இல் வெளியிட்ட 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' நூலில் கூலியையெல்லாம் குடித்தே அழிக்கும் அப்பாவும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் அம்மாவும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள். நூலின் பெயரே அம்மாவுடையது. சிறுவனின் குரலிலேயே சொல்வதால் சிரிப்பும் வருகிறது. அது எல்லோருக்கும் கைவராது.

எனக்கு மிகவும் நெருக்கமானது தலித் எழுத்தாளர் பாமா 1992இல் வெளியிட்ட தன்வரலாறான 'கருக்கு'தான். நிலக்காரர் வீட்டில் உழைத்துவிட்டு, மேலிருந்து ஊற்றப்படும் தண்ணீரைக் கையேந்திக் குடிக்கும் பாட்டியை அவர் விரிவாகவே எழுதுகிறார். பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்லும் பெரியவரைப் பார்த்துச் சிரித்த சிறுமி பாமாவுக்கு, தொட்டால் தீட்டு என்ற அதன் காரணத்தைச் சொல்லி, படிக்கத் தூண்டிய அண்ணனும் நூலில் வருகிறார். ஆனால் படித்து ஆசிரியையாகி, கன்னியர் மடத்துக்கும் போன பின்பும் சாதி விடவில்லை என்பதால், 'முன்னேறினேன்' என்று சொல்லி அவரால் நூலை முடிக்க இயலவில்லை. இந்த நேர்மை மற்ற இரண்டிலும் இந்த அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம். நீங்கள் மறுப்பீர்கள், தெரியும்.

இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உங்கள் அக்கா. அவர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சேர்த்த காசில்தான் நீங்கள் கல்லூரிக் கட்டணம் கட்டினீர்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. விரல் நுனி காய்த்துப் போயிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் இயலில் அவருக்கு ஒரே ஒரு வரி, அதுவும் 'அக்காவின் உதவியால்' என்று! உங்கள் தமிழாசிரியருக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அக்கா ஏன் எட்டாம் வகுப்போடு நின்றார், அது யார் எடுத்த முடிவு, அதைப் பற்றி அவர் இன்று என்ன நினைக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது திருத்திய படியைக் கொண்டுவாருங்கள். அக்காவையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்