பச்சைக் குறியை நம்பிய நாடாக்காரன்

அன்புள்ள நண்பா,

தீபாவளி வாழ்த்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் குற்றம்தான். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டாள். மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாருக்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுச் செய்தி இவ்வளவே. இந்தக் கடிதம் அலுவலகத்தைப் பற்றியது. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் அரை நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள்.

சென்ற மாதம் வரைபடப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, முடிந்துபோன ஒரு திட்டத்தின் கோப்புறையை யாரோ அழித்துவிட்டார்கள், எட்டு மாதங்களுக்கு முன்பிருந்த நிலையில் அது வேண்டும் என்று கேட்டார். அலுவலகக் கோப்புகளைக் காந்த நாடாவில், அதாவது டேப்பில், பிரதியெடுத்து வைக்கும் எனக்கு நீ வைத்த ‘நாடாக்காரன்’ என்ற பட்டத்துக்கு ஏற்ற மிடுக்கோடு, டேப்பில் இருக்கிறது, மாலைக்குள் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பட்டியலைத் திறந்து பார்த்தால், எங்களிடம் இருந்த மிகப் பழைய பிரதிக்கு வயது ஐந்து வாரம். அதற்கு முன் எழுதியவை அனைத்தின் மேலும் புதிய பிரதிகள் எழுதப்பட்டிருந்தன. பிரதியெடுக்கும் மென்பொருளில் நான் அமைத்திருந்த பணி, அதாவது ‘ஜாப்’, ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. தினமும் காலையில் பச்சைக் குறியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனவன் நான்தான்.

தவறு எங்கே என்று தேட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எந்தக் கோப்புகளை எடுக்க வேண்டும், எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்ற பக்கங்களை எவ்வளவு யோசித்து நிரப்பினேனோ, அவ்வளவு அலட்சியமாக அவை எந்த டேப்புக்குப் போக வேண்டும் என்ற பக்கத்தைத் தாண்டியிருக்கிறேன். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை ஜாப் தீர்மானிக்கும் என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தீர்மானிப்பது ஜாப் சுட்டுகிற மீடியா பூல், அதாவது ஒரே விதிக்கு உட்பட்ட டேப்புகளின் தொகுப்பு. எங்கள் பூலில் பாதுகாப்புக் காலம் எதுவும் இல்லை. இடம் தேவைப்பட்டால் சுழற்சியாக மேலெழுதலாம் என்று குறித்திருந்தது. முழுப் பிரதிக்கும் தினசரி மாற்றங்களுக்கும் தனித்தனிப் பூல் காட்டலாம் என்றிருக்க, இரண்டுக்கும் அதே ஒன்றைக் காட்டியிருந்தேன். ஆகையால் நேற்றைய நாலு கோப்பு மாற்றத்துக்கு இடம் கொடுக்க, போன மாதத்து முழுப் பிரதி இரையாகியிருக்கிறது. டேப்பில் நடுவே ஒரு துண்டை மட்டும் அழித்து நிரப்ப முடியாது. தொடக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டால் அதன் பின்னால் கிடக்கும் பழைய எழுத்து முழுவதும் போனதுதான்.

இதைவிட வெட்கப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ சிரிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஜாப் முடிந்ததும் டேப்பை ‘எஜெக்ட்’ செய் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, வாரம் ஒரு டேப் வெளியே வந்துவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எஜெக்ட் என்பது டேப்பை ஓட்டும் டிரைவிலிருந்து எடுத்து, லைப்ரரி என்ற டேப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்லாட்டில் வைப்பது; கையால் எடுத்துப்போகத் தோதாக பெட்டியின் வாசலான மெயில் ஸ்லாட்டுக்குக் கொண்டுவருவது ‘எக்ஸ்போர்ட்’. இரண்டு ஆண்டுகளாக எங்கள் டேப்புகள் இரவில் பொம்மலாட்டம் ஆடிவிட்டு அதே பெட்டிக்குள் படுத்துத் தூங்கியிருக்கின்றன. சர்வர் அறையில் தீப்பிடித்திருந்தால் அசலும் நகலும் சேர்ந்தே போயிருக்கும்.

காப்பாற்றியது யார் தெரியுமா? நம் மீசைக்காரர். எந்திரத்துக்குள் பொருளை விட்டுவைப்பது அவருக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெறும் வாரத்தில் ஒரு முழுப் பிரதி டேப்பை வெளியே எடுத்து, எழுதாமல் தடுக்கும் தாழ்ப்பாளைத் தள்ளி, பழைய பீரோவில் ஊதுபத்திக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டதும், ‘சந்தனம் இல்லை, மல்லி, அதன் பின்னால் பார்’ என்றார். இடையில் சர்வரை மாற்றிவிட்டதால் அந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று புதிய சர்வருக்குத் தெரியவில்லை. முழுவதையும் ஓட்டிப் படித்து கேட்டலாக் செய்ய, அதாவது உள்ளே இருப்பதைப் பட்டியலிட, ஓர் இரவு ஆனது. வரைபடங்களில் கடைசி மூன்று மாதத் திருத்தங்கள் தவிர மற்றவை கிடைத்தன. அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது புதிதாக அமைத்திருப்பதைச் சொல்கிறேன், குறை இருந்தால் தயவு பாராமல் எழுது. வார முழுப் பிரதிக்குத் தனிப் பூல், ஓராண்டுப் பாதுகாப்பு, ஒவ்வொரு முழுப் பிரதிக்கும் புது டேப்பில் தொடக்கம், முடிந்ததும் எக்ஸ்போர்ட். தினசரி மாற்றங்களுக்கு வேறொரு பூல், ஐந்து வாரம், அதில் மட்டும், ஏற்கெனவே எழுதிய டேப்பிலேயே தொடர்ந்து எழுதலாம். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு டேப் என்றதும் கணக்குப் பிரிவில் ஒருவர், அட்டைப் பெட்டியில் 30 டெராபைட் என்று போட்டிருக்கிறதே, நம்மிடம் இருப்பது ஒன்பதுதானே, மூன்று முழுப் பிரதியை ஒன்றில் அடக்கு என்றார். நாங்கள் பயன்படுத்தும் எல்டிஓ-8 வகை டேப்பின் உண்மையான கொள்ளளவு 12 டெராபைட். 30 என்பது இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற ஊகத்தில் போட்ட எண். ஸ்கேன் செய்த படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவை இனிச் சுருங்கா என்று விளக்குவதற்குள் எனக்கு நா வறண்டது. வேகமும் அப்படியே: விநாடிக்கு 360 மெகாபைட் என்ற கணக்கில் ஏழு மணி நேரத்தில் முடிய வேண்டியது, லட்சக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் சனி மாலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவைத் தாண்டுகிறது. தரவு வந்து சேராமல் டிரைவ் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடும் சத்தத்தைக் கேட்டால் டேப்பின் ஆயுளை நினைத்து வயிறு கலங்குகிறது.

டேப் செத்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நீ எப்போதும் எடுத்துக்காட்டுவாயே, 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் பல பிரதிகளிலும் காணாமல்போன ஜிமெயில் அஞ்சல்களை கூகுள் டேப்பிலிருந்து மீட்ட கதை. அதை மேலாளரிடம் சொல்லித்தான் ஐம்பத்திரண்டுக்கு ஒப்புதல் வாங்கினேன். நன்றி.

ஒன்றில் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. வெளியே போகும் டேப் தொலைந்தால் என்ன ஆவது என்று பூலில் குறியாக்கத்தை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி எழுதுவதை, இயக்க நினைக்கிறேன். கடவுச்சொல் என் தலையில் மட்டும் இருந்தால், எனக்கு ஏதாவது ஆன அன்றைக்கு ஐம்பத்திரண்டு டேப்பும் வெறும் பிளாஸ்டிக். எழுதி வைத்தால் எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது? உங்கள் இடத்தில் என்ன வழக்கம் என்று எழுது. அதுவரை குறியாக்கம் இல்லாமலே அனுப்புகிறேன். முதல் டேப் இந்தத் திங்களன்று மீசைக்காரர் வீட்டுக்குப் போகிறது, வேறு பாதுகாப்பான இடம் ஏற்பாடாகும் வரை. பீரோவில் ஒரு தட்டை ஒழித்து வைத்திருக்கிறாராம்.

அன்புடன்,
உன் நாடாக்காரன்