இல்லம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் வேலையில் சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம். நான் இன்னும் அதே குழந்தைகள் பாதுகாப்பு வேலையில்தான் இருக்கிறேன். தலை மட்டும் முழுக்க நரைத்துவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஓய்வூதியப் பணத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கட்டாதே.

வறுமை மிகுந்த இடத்தில் இல்லம் திறந்தால் அனாதைகள்தான் வருவார்கள் என்று நினைக்கிறோம். கம்போடியாவில் 2005-க்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. 2011-இல் வெளியான ஆய்வைப் பார்த்தால், அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள்! பெற்றவளுக்குப் பாசம் இல்லாமல் போகவில்லை. சாப்பாடும் படிப்பும் இல்லத்தின் வாசலுக்கு உள்ளேதான் கிடைக்கும் என்றால் அவளும்தான் என்ன செய்வாள்? வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. வழிகாட்டுதல் 2009-லேயே சொல்லிவிட்டது. நன்கொடை என்னவோ இன்னமும் கட்டடத்துக்குத்தான் போகிறது. கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம் இல்லையா!

ருமேனியாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். இல்லங்களில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சி இல்லத்திலேயே இருந்தவர்களைவிட மேலாக இருந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அந்த வளர்ப்புப் பெற்றோரை யாரும் அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடவில்லை. மாதாமாதம் உதவித்தொகை போயிற்று, சமூகப் பணியாளர்கள் வீடு தேடி வந்து துணை நின்றார்கள். இந்த உதவியும் துணையும் இருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நானும் ‘குடும்பம்’ என்றதும் உருகிப்போகிற ஆள் இல்லை. அத்தை வீட்டில் விட்ட பெண்பிள்ளை சம்பளமில்லாத வேலைக்காரியாகிவிடுவது உண்டு. அதனால்தான் அடிக்கடி போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கெட்டிக்காரப் பணியாளர் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? பிள்ளை எங்கே படுக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளைகளும் அங்கேயே படுக்கிறார்களா, விடியற்காலையில் தண்ணீர் சுமப்பது யார், நோட்டில் கடைசியாக எழுதியிருக்கும் தேதி என்ன என்று பார்ப்பார். பெரியவர்கள் காதில் விழாத இடத்தில் பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசுவார். அடி, உதை, பாலியல் தொந்தரவு இருக்கிற வீட்டில் பிள்ளையை ஒரு நாள்கூட விடக் கூடாது. அப்போது வேறு உறவினர், அதுவும் இல்லையென்றால் நன்றாக விசாரித்துத் தேர்ந்த வளர்ப்புக் குடும்பம். சிறிய இல்லம் கடைசி வழி, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

ஆகவே உன் பணத்தை இரண்டாகப் பிரி. ஒரு பங்கு, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளின் கைக்கு மாதாமாதம் போகட்டும். இன்னொரு பங்கு, அந்த வீடுகளுக்குப் போய்வரும் பணியாளரின் சம்பளத்துக்கும் பயணச் செலவுக்கும். நன்கொடையாளர்களுக்கு இந்த இரண்டாவது பங்கு பிடிப்பதே இல்லை, ‘நிர்வாகச் செலவு’ என்று முகம் சுளிப்பார்கள். நீ சுளிக்காதே.

நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தாலும் கவலைப்படாதே, அங்கே பகல்நேரக் காப்பகம் நடத்தலாம். கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் பிள்ளையை வீட்டுக்கே அழைத்துப் போவார்கள். இடத்தின் அளவையும் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் என்பதையும் எழுது, செலவைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி