சாணி வண்டிய திரும்ப அனுப்புங்க

எங்க பேரூராட்சி ஆபீசர் சாருங்களுக்கும் மேடத்துக்கும் வணக்கம்.

மார்க்கெட் பின்னாடி, சாணியும் மிச்ச சோறும் தொட்டியில போட்டு அடுப்புக்கு கேஸ் எடுக்கற பிளான்ட் விஷயம்தான், உங்களுக்கே எல்லாம் தெரியும். டீசல் பில்லு பாஸ் ஆவலன்னு சாணி டிராக்டர நிறுத்தி நாப்பது நாளாச்சு, ஆனா ஓட்டல் சோறும் மண்டபத்து மிச்சமும் மட்டும் கரெக்டா வந்துடுது. சாணி இல்லாம வெறும் சோத்த போடக்கூடாதுன்னு எங்க குழு பொம்பளைங்க அப்பவே சொன்னோம், "சோத்துலதான் கேஸ் ஜாஸ்தி வரும், கொட்டும்மா"ன்னு பதில் வந்துச்சு.

ஜாஸ்திதான், யார் இல்லன்னா? ஆனா மாடு வளக்கறவங்கள கேட்டுப் பாருங்க சார், பொங்கலன்னைக்கு ஆசையா ஒரு அண்டா சோறு வெச்சா மாடு வயிறு புளிச்சு உப்பி படுத்துரும். இந்தத் தொட்டியும் அந்த வயிறு மாதிரிதான். சோறு சீக்கிரம் அமிலமாயிடும், அடுப்புல எரியற மீத்தேன் கேஸ பண்ற கிருமி மெதுவாதான் வேலை செய்யும், பிஎச்னு புளிப்ப அளக்கற கணக்கு இருக்கு, அது கொறஞ்சா புளிப்பு ஜாஸ்தி, அது 7 கிட்ட இருந்தாதான் கிருமிக்கு உசுரு, 6.5க்கு கீழ போனா முடங்கிடும். சாணிதான் அந்தப் புளிப்ப தாங்கிப் புடிக்கும். இப்ப அடுப்பத் தொறந்தா புஸ்ஸுன்னு வருது, பத்த மாட்டேங்குது, டீ போடக்கூட சிலிண்டர் வாங்கறோம்.

போன ஞாயித்துக்கெழம முகூர்த்தம், மூணு மண்டபத்து பிரியாணி ஒண்ணா வந்து எறங்குச்சு, எலும்பு, எலுமிச்சந்தோலு, பாட்டில் மூடி, பிளாஸ்டிக் கவர் எல்லாத்தோடவும். இன்லெட் பைப் அடைச்சுகிச்சு. எங்ககூட வேல செய்யற அக்கா முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அள்ளுனாங்க. கிளவுஸ் மார்ச்சுலயே கேட்டது. கையெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு, பேத்திக்கு சோறு ஊட்டப் போனா நாத்தம்னு மூஞ்ச திருப்பிக்குதாம். அத சிரிச்சுகிட்டேதான் சொன்னாங்க, எனக்குதான் அன்னைக்கு சோறு எறங்கல.

போர்டுல பேரு மட்டும் ரெண்டு வாட்டி மாத்தி எழுதிட்டீங்க, பெயிண்டு பில்லு பாஸ் ஆவுது, டீசல் பில்லு ஆவாதா? பாலாத்துல தண்ணி இல்லன்னா வானத்த திட்டலாம், சாணிக்குமா பஞ்சம்? அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போய்ப் பாருங்க, எத்தன வூட்டுல மாடு கட்டியிருக்காங்கன்னு. இந்தக் கிருமிக்குப் புடிச்ச சூடு 35 டிகிரி கிட்ட, அத வேலூர் வெயிலு ஓசியிலயே குடுக்குது, நல்லவேள அதுக்கு உங்க கையெழுத்து வேணாம்.

கோவத்துல என்னென்னமோ எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்க. தயவு செஞ்சு சாணி வண்டிய அனுப்புங்க. கொஞ்ச நாளைக்கு சோத்த நிறுத்திட்டு சாணியும் தண்ணியும் சரிக்கு சரி கரைச்சு ஊத்துனா தொட்டி திரும்ப எழுந்துக்கும், அப்பறமா சோறு கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கலாம், அதுவும் கவர் இல்லாம பிரிச்சு வந்தா. வண்டி வரும்னா காலைல ஆறு மணிக்கே கேட்ட தொறந்து வெக்கறோம்.

அப்பறம் அந்த கிளவுஸ் சார், நாலு ஜோடி.